இலையோரத்து உப்பு

மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் இறங்கி, "மடம் எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டிவிடுவார்கள். "அந்தா தெரியுதுல்லா சாப்பாட்டுக் கடை, அதுக்கு மாடியில."

மடம் என்றதும் விபூதி, காவி, ருத்திராட்சம் என்று கற்பனையை ஓட்டிவிட வேண்டாம். உள்ளே இருந்தவை சில கம்ப்யூட்டர்கள், ஏகப்பட்ட வயர்கள், ஒரே ஒரு மின்விசிறி. காலையில் மாடியேறிப் போகிறவர்கள் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பசித்தால் மட்டும் இறங்கி வருவதைத் தெரு பார்த்தது. தானாகவே அந்தப் பெயரை வைத்துவிட்டது. பெயர் வைப்பதில் நம் தெருக்களை மிஞ்ச ஆள் உண்டா?

மடம் என்றால் குரு வேண்டுமே. குருவின் பெயர் குழல்வாய்மொழி. வயது முப்பத்தைந்துதான். சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள், தலை நரைத்தவர்கள்கூட உண்டு. அவர்கள் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் கேலி எங்கோ போய்விட்டது, குரு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது 'பலகை' என்ற ஒரு மென்பொருள். கம்ப்யூட்டரில் எழுதுவதற்கானது. கட்டுரை எழுதுகிறவர், கதை எழுதுகிறவர், புரோகிராம் எழுதுகிறவர் என்று யார் வேண்டுமானாலும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பலகைக்குள் இணையப் பக்கங்களையும் படிக்க ஒரு வழி வேண்டும் என்று பல பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே எதையாவது தேடிப் பார்க்க வேண்டும், அதற்காக வேறு இடத்துக்கு ஓடக் கூடாது. அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் சீடர்களில் மூத்தவரான உலகநாதன்.

உலகநாதன் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் யார் யாரோ கேட்டதைச் செய்துகொடுத்தவர். ஐம்பது தாண்டியதும் ஒருநாள், "எனக்குன்னு ஒண்ணு செஞ்சு பாக்கணும்" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஆவுடையம்மாள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி, ஊருக்குப் போவோம்" என்று பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை உலகநாதன் நெஞ்சில் பத்திரமாக வைத்திருந்தார். இங்கே செய்யும் வேலை முதலில் ஆவுடையம்மாளுக்குப் பிடிக்க வேண்டும், மற்றவர்களெல்லாம் பிறகுதான் என்பது அவர் மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு.

செய்ததற்குப் 'பலகணி' என்று பெயர் வைத்தார். பலகணி என்றால் ஜன்னல். அதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை ஒன்று இருந்தது. அதுதான் வாசிப்பு முறை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மின்னுகிற விளம்பரம், ஓரத்து மெனு, "இதையும் பாருங்கள்", ராசிபலன், கீழே வாசகர்கள் போடும் ஊர்ச்சண்டை எல்லாவற்றையும் பலகணி தானாகக் கூட்டித் தள்ளிவிடும். படிக்க வேண்டிய விஷயம் மட்டும் வெள்ளைத் தாளில் வைத்த மாதிரி நிற்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் குரு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, பலகணி ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆடி கழியட்டும். ஆவணி பிறந்ததும் புதுப் பலகையோட சேர்த்து வெளியிட்டிருவோம்."

உலகநாதனுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் குரு. "வாசிப்பு முறை தானா வருதுல்லா, அதை வேண்டாம்ங்கிறவங்க மாத்திக்கிற மாதிரி வெச்சிருங்க."

"எதுக்கு?"

"அவங்களுக்கு வேற மாதிரி வேணும்னா?"

"வேற மாதிரி எதுக்கு வேணும்? எது நல்லதுன்னு நான் மண்டையை உடைச்சு யோசிச்சுத்தானே வெச்சிருக்கேன்."

"நல்லதாத்தான் வெச்சிருக்கீங்க."

"பின்ன? நல்லதா வெச்சதை எதுக்கு இன்னொருத்தர் மாத்தணும்? குருவே, நீங்களே சொல்லுங்க."

குரு நிமிர்ந்தார். தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த மின்விசிறிக்குத் தனிக் கதை உண்டு. உலகநாதனின் நாற்காலி அதற்கு நேர் கீழே. அவருக்குச் சாரல் காற்று பட்டாலே தும்மல். எழுந்து போய் ரெகுலேட்டரை ஒன்றில் வைப்பார். மூலையில் சூடு கக்கும் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இன்னொரு சீடர் மைதீனுக்கு வியர்த்துக் கொட்டும். அவர் எழுந்து போய் ஐந்தில் வைப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள், ரெகுலேட்டர்தான் நாள் முழுக்க அங்கேயும் இங்கேயும் போய் வரும்.

குரு எழுந்தார். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தார். பிறகு அதன் திருகுக் குமிழைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன குருவே பண்ணுதீங்க?" என்று பதறினார் மைதீன்.

"ஒண்ணும் வேண்டாம், அஞ்சும் வேண்டாம். மூணு நல்லது. யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று உண்மையாகவே நல்லதாகத்தான் இருந்தது. உலகநாதன்கூட, "பாத்தியா மைதீன், நல்லதா ஒண்ணை வெச்சிட்டா சண்டையே இல்ல" என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று, தலைக்கு மேலே மூன்று. உலகநாதன் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். பிறகு காதையும் சேர்த்துக் கட்டினார். தும்மல் நிற்கவில்லை. அடுத்த நாள் சாரல் ஓய்ந்து சுள்ளென்று வெயில். மைதீன் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு, ஒற்றைக் கையால் டைப் அடித்தார். குரு எதையும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பவும் சாரல் வந்தது. குரு வெளியே போயிருந்த நேரம் பார்த்து உலகநாதன் மெல்ல எழுந்தார். திருகு இல்லாவிட்டால் என்ன? உள்ளே இருக்கும் மெல்லிய தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்பினால் ஆயிற்று. குறடு தேடினார். அது மைதீன் மேஜைக்கு அடியில், கைக்கு எட்டும் தூரத்தில், தயாராகக் கிடந்தது.

"ஓஹோ!" என்றார் உலகநாதன்.

மைதீன் தலையைத் தூக்கவேயில்லை. "எடுத்துக்கிட்டுத் திரும்ப அங்கேயே வெச்சிருங்க அண்ணாச்சி. வெயில் வந்தா எனக்கு வேணும்."

உலகநாதன் குறட்டால் தண்டைப் பிடித்து ஒன்றுக்குத் திருப்பிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குரு நின்றுகொண்டிருந்தார். உலகநாதன் குறடு இருந்த கையைப் பின்னால் மறைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் கையும் களவுமாகப் பிடிபடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

குரு கோபப்படவில்லை. "எத்தனையில வெச்சீங்க?" என்றார்.

"ஒண்ணுல."

"குளிருதுன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் யோசிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

"அதான் சொல்லாம குறடு எடுத்துக்கிட்டீங்க."

"ஆமா."

"மைதீனும் அப்படித்தானா?"

மைதீன் கம்ப்யூட்டருக்குள் இன்னும் கொஞ்சம் தலையை நுழைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி," என்றார் குரு. "இன்னைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போங்க. உங்க பலகணிக்கு அங்க யாராவது குறடு வெச்சிருக்காங்களான்னு பாருங்க."

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டில் யார் குறடு வைத்திருக்கப் போகிறார்கள்? ஆவுடையம்மாள் ஒருவர்தானே. தினமும் சாயங்காலம் லேப்டாப்பில் பலகணியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதை அவர் கண்ணாலேயே பார்க்கிறார். அதைப் பார்க்கத்தான் அவர் வீட்டுக்கே போகிறார்.

ஆவுடையம்மாள் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். தைப்பது துணி என்றாலும் மனசு முழுக்கப் பாட்டுதான். ஊர் நூலகத்தில் ஆவணி மாதம் செய்யுள் ஒப்பிக்கும் போட்டி. பழைய வெண்பாக்களைப் பொருளோடு சொல்ல வேண்டும். அதற்காக ஒரு இணையதளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தினமும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு உலகநாதன் பொழுது சாயும் முன்பே போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது. லேப்டாப் மேஜைமேல் திறந்திருந்தது, பலகணியும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்து ஆவுடையம்மாள் போனைப் பார்த்து வெண்பா படித்துக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டதும் போனை முந்தானைக்குள் மறைத்தார்.

"ஏன் மறைக்க?" என்றார் உலகநாதன்.

"ஒண்ணுமில்ல. போன் வந்துச்சு."

"போன்ல பாட்டா வந்துச்சு?"

ஆவுடையம்மாள் முகம் சுருங்கிவிட்டது. உலகநாதன் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார். அழகான வெள்ளைப் பக்கம். உரை இருந்தது. சொல்லுக்குச் சொல் விளக்கம் இருந்தது. இலக்கணக் குறிப்பும் இருந்தது. வெண்பாவைத்தான் காணோம்.

அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சின்னச் சின்ன வரிகள் நாலைந்து ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால் அது மெனு, தூக்கிப் போடு என்று பலகணிக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வெண்பா என்பது என்ன? நாலே நாலு சின்ன வரி. பாட்டைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டு, உரையை மட்டும் பட்டுத்துணி விரித்து உட்கார வைத்திருக்கிறது.

"இது எப்ப இருந்து இப்படி?"

"முதல் நாள்ல இருந்தே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஆவுடை?"

"எது நல்லதுன்னு யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்னு எப்பவும் சொல்லுவீங்க. உங்க மனசு எதுக்குச் சங்கடப்படணும்னு விட்டுட்டேன்."

"அப்ப இதை எதுக்குத் தினமும் திறந்து வெச்சே?"

ஆவுடையம்மாள் சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீங்க வீட்டுக்கு வந்ததும் பாப்பீங்கல்லா. அதுக்குத்தான்."

உலகநாதனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. காபி வேண்டும் என்று சொல்லிவிட்டு, காபிக்குக் காத்திருக்காமல் திரும்ப மடத்துக்கே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து உலகநாதன் ஆளே மாறிவிட்டார். தும்மிக்கொண்டே வேலை செய்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "பொறுங்க" என்றார். ஆடி பிறந்தது, அம்மன் கோயில் மைக் செட் பாட்டு மாடி வரைக்கும் வந்து காதைப் பிளந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருநாள் குருவின் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

"குருவே, விட்டுட்டேன்."

"என்னத்த?"

"எல்லாத்தையும். எழுத்து எவ்வளவு பெரிசு, வரிக்கு வரி எவ்வளவு இடம், எந்த நிறம், படம் வேணுமா, மெனு வேணுமா, எந்த வரி சின்ன வரி, எது பெரிய வரி, இணைப்பைத் தொட்டா எங்க திறக்கணும். நானா ஒண்ணையும் தீர்மானிக்கல. முதல்ல திறந்ததும் ஒண்ணொண்ணா அவங்களையே கேட்டுரும்."

"ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம."

குருவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மதினிகிட்டக் காட்டிட்டீங்களா?"

"இன்னைக்குத்தான்."

சாயங்காலம் உலகநாதன் வீட்டில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மனைவியை உட்கார வைத்தார். "இனிமே எல்லாம் உன் இஷ்டம்" என்றார். ஆவுடையம்மாளுக்கும் சந்தோஷம்தான். ஆசையாகத் திறந்தார்.

பலகணி கேட்டது. எழுத்தின் அளவு என்ன? ஆவுடையம்மாள் பதில் சொன்னார். எழுத்துரு எது? அதற்கும் ஏதோ ஒன்றைத் தொட்டார். வரிகளுக்கு இடையே எவ்வளவு? பின்னணி நிறம்? ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும்? படங்கள் உடனே வர வேண்டுமா, பிறகு வர வேண்டுமா, வரவே வேண்டாமா? எத்தனை சொல்லுக்குக் குறைந்தால் சின்ன வரி என்று கொள்ளலாம்?

ஆவுடையம்மாள் நெற்றியில் வியர்வையைத் துடைத்தார்.

"ஏங்க, இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கு."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்க வீட்டுல இத்தனை கேக்கலியே!"

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உலகநாதனும் சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. ஆவுடையம்மாள் மெதுவாக லேப்டாப்பை மூடினார். இந்தத் தடவை மறைக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெண்பாவைப் பிடித்துக்கொண்டார்.

விடிந்ததும் விடியாததுமாக உலகநாதன் மடத்துக்கு வந்துவிட்டார். குரு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"ஒண்ணையும் அவங்க கையில விடலேன்னா தப்பு. எல்லாத்தையும் விட்டா அதுவும் தப்பு. பின்ன எப்படித்தான் வைக்கிறது?"

குரு பையை மேஜைமேல் வைத்தார். "மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம்" என்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பசியோட எதுக்கு அண்ணாச்சி?"

மத்தியானம் வரைக்கும் உலகநாதன் முள்ளின்மேல் உட்கார்ந்திருந்தார். மணியடித்த மாதிரி குரு எழுந்ததும் பின்னாலேயே இறங்கினார். மைதீனும் கூட வந்தார்.

கீழே சாப்பாட்டுக் கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் செண்பகராமன் மூன்று இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். வழக்கம்போல முதல் வேலையாக ஆளுக்கொரு சிட்டிகை உப்பை இலையோரத்தில் வைத்துக்கொண்டே போனார். பிறகு பொரியல், கூட்டு, அப்பளம். சோறு வந்தது. சாம்பார் வந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை, எல்லாம் அதது பாட்டுக்கு வந்தது.

உலகநாதன் ஒரு வாய் எடுத்தார். விரல் தானாக இலையோரத்துக்குப் போனது. கொஞ்சம் உப்பைத் தொட்டுச் சோற்றில் பிசைந்துகொண்டார். அடுத்த வாய் எடுத்தார்.

"சாம்பார்ல உப்பு கம்மியோ?" என்றார் குரு.

"எனக்குக் கொஞ்சம் கம்மி."

"மைதீனுக்கு?"

"எனக்குச் சரியா இருக்கு" என்றார் மைதீன், வாயில் சோற்றோடு.

"அண்ணாச்சி, செண்பகராமனைக் கூப்பிட்டுச் சொல்லவா? உங்களுக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டுட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லுவோம்."

"வேற வேலை இல்லையா குருவே! இத்தனை பேர்கிட்டக் கேட்டுக்கிட்டிருந்தா அவர் என்னைக்குச் சமைக்க? இந்தா, இலையிலதான் வெச்சிருக்காரே."

"ஆமா" என்றார் குரு. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு தன் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

உலகநாதனின் கை நின்றுவிட்டது. இலையோரத்தில் மிச்சமிருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் கொண்டுவந்த செண்பகராமன், "என்ன சார், எறும்பு கிறும்பு கிடக்கா?" என்று பதறிக்கொண்டு குனிந்து பார்த்தார். மைதீனுக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்கு உலகநாதன் மோருக்குக் காத்திருக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

கேள்விகளையெல்லாம் தூக்கினார். வாசிப்பு முறையை மறுபடி பழைய இடத்தில் வைத்தார். பக்கம் திறந்தால் அதுதான் தானாக வரும். ஆனால் அதை நன்றாகச் சமைக்க வேண்டாமா? சின்ன வரியைக் கண்டால் மெனு என்று பாய்ந்துவிடாதே, கீழே அதற்கு உரை இருந்தால் அது பாட்டு என்று பலகணிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாட்டைப் பெரிய எழுத்தில் மேலே வைத்தார், உரையைச் சின்ன எழுத்தில் கீழே வைத்தார். எல்லாம் ஆனபிறகு, பக்கத்தின் ஓரத்தில், உறுத்தாத இடத்தில், சின்னதாக ஒரு பொத்தான் வைத்தார். அதைத் தொட்டால் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் மாற்றலாம், எல்லாவற்றுக்கும் மாற்றலாம். ஒருமுறை மாற்றினால் பலகணி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தொடாதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காது.

வேலை முடிய ஆடி முடிந்துவிட்டது. குரு பார்த்தார். நிதானமாக எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்.

"சேர்த்துருவோமா குருவே?"

"மதினி பாக்கட்டும். நாளைக்குச் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் உலகநாதன் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேலைக்கு முதல் நேர்முகத் தேர்வில்கூட இப்படி அடித்ததில்லை.

ஆவுடையம்மாள் வந்தார். தளத்தைத் திறந்தார்.

வெண்பா வந்து நின்றது. நாலு வரியும் முழுசாக, பெரிய எழுத்தில், சிந்தாமல் சிதறாமல்.

"அட!" என்றார் ஆவுடையம்மாள். வாய்விட்டு ராகமாக ஒருமுறை படித்தார். "கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு!"

செய்தித்தாளுக்குப் பின்னால் உலகநாதன் காற்றில் மிதந்துகொண்டிருந்தார்.

"ஓரத்துல இது என்னங்க?"

"அது ஒண்ணுமில்ல. வேணும்னா மாத்திக்கலாம். உனக்குத் தேவைப்படாது."

ஆவுடையம்மாள் அதைத் தொட்டார். உள்ளே போய் எதையோ தேடினார். பிடித்துவிட்டார். அடுத்த நொடி உலகநாதன் உயிரைக் கொடுத்துக் கூட்டித் தள்ளிய அத்தனையும் திரும்ப வந்து இறங்கின. வலதுபக்கம் ராசிபலன், இடதுபக்கம் மின்னும் பட்டுச்சேலை விளம்பரம். கீழே படித்தவர்கள் எழுதிய கருத்துகள், பக்கம் பக்கமாக.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டே?" உலகநாதன் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இருங்க, இருங்க. கீழ ஒரு சண்டை ஓடுது. மூணாவது அடியில தளை தட்டுதுன்னு மதுரைக்காரர் ஒருத்தர் எழுதியிருக்காரு. தட்டலேன்னு ஒரு தமிழாசிரியை அவரைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குதாங்க. அதைப் படிக்காட்டி எனக்குப் பாட்டு மனசுல நிக்காது."

"அது குப்பைடி!"

"உங்களுக்கு" என்றார் ஆவுடையம்மாள், கண்ணை எடுக்காமல்.

மறுநாள் ஆவணி முதல் தேதி. உலகநாதன் மடத்துக்குள் நுழையும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. நல்ல சாரல் வேறு. குரு அவருக்கு முன்பே வந்திருந்தார். ரெகுலேட்டரில் திருகு பழையபடி மாட்டியிருந்தது. மின்விசிறி மூன்றில் ஓடியது.

"என்ன அண்ணாச்சி, மதினி பாத்தாங்களா?"

"பாத்தா." உலகநாதன் பொத்தென்று உட்கார்ந்தார். "எவ்வளவு நல்லதா வெச்சேன். முதல் வேலையா மாத்திட்டா."

"எதை?"

"வாசிப்பு முறையையே தூக்கிட்டா. ராசிபலன், சண்டை, சேலை விளம்பரம் எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சுக்கிட்டா. நான் இத்தனை நாள் பாடுபட்டது யாருக்கு? அவளுக்குத்தானே!"

மைதீன் மூலையில் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். குரு சிரிக்கவில்லை.

"போன்ல பாத்தாங்களா?"

"இல்ல. போன் அடுப்படியில சார்ஜ்ல கிடந்துச்சு. எடுக்கவேயில்ல."

"பலகணியில எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"அதையேன் கேக்குதீங்க. உலை வைக்க மறந்துட்டா. ராத்திரி பக்கத்து வீட்டுல மாவு வாங்கி தோசை."

உலகநாதனுக்கு ஒரு தும்மல் வந்தது. யோசிக்காமல் எழுந்து போய் மின்விசிறியை ஒன்றுக்குத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குரு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பலகணியைப் புதுப் பலகையோடு சேர்த்தார்.

"உப்புத் தொட்டுக்கிட்டாங்க அண்ணாச்சி," என்றார். "இலையை விட்டு எந்திரிக்கலையே."